தரம் 2 வகுப்பில் பெரிய திரை: பாடசாலையிடம் என்ன கேட்பது?

உப்புவெளி அம்மா:

வணக்கம். மகள் திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் தரம் 2 படிக்கிறா. வகுப்பில 34 பிள்ளைகள். போன தவணை பழைய மாணவர்கள் சேர்ந்து 65 அங்குல ஸ்மார்ட் போர்ட் ஒன்று வாங்கிக் குடுத்தாங்க. நல்ல மனதோட செய்தது, அதில குறை சொல்ல வரல்ல. ஆனா இப்ப தமிழ், கணிதம், சுற்றாடல் எல்லாத்துக்கும் வீடியோ ஓடுது. வெயில் கூடின நாளில இடைவேளைக்கும் பிள்ளைகளை உள்ளுக்கு வச்சு கார்ட்டூன் போடுறாங்க. வீட்டுவேலை வட்ஸ்அப் குழுவுக்குப் படமா வருது. அதைப் பார்த்து எழுதி முடிக்கும் வரைக்கும் போன் பிள்ளையின்ட கையிலதான். அடுத்த தவணை டெப் (டெப்லட்) வரப்போகுது எண்டும் கதை.

பெற்றோர் குழுவில இப்ப ரெண்டு பக்கம். "இந்தக் காலத்தில இது இல்லாம ஏலுமா" எண்டு கொஞ்சப் பேர், "எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" எண்டு கொஞ்சப் பேர். எனக்குத் தெரிய வேண்டியது வேற. இந்த வயசுக்கு வகுப்பில எத்தனை நிமிசம் சரி? மகள் நாலாவது வரிசையில இருந்து கண்ணைச் சுருக்கித்தான் திரையைப் பார்க்கிறா எண்டு டீச்சரே சொன்னா. அது திரையால வந்ததா, இல்லாட்டி வேற பிரச்சினையா? டீச்சர் உண்மையா உழைக்கிற ஆள். அவவின்ட மனம் நோகாம இதை எப்படிக் கொண்டுபோறது?


ஆரம்பக்கல்வி வளவாளர்:

நிமிடக் கணக்கைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்றது. 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு 2020இல் வந்த வழிகாட்டலில் நிமிட எல்லை இல்லை. பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறையுங்கள், நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் களைக்க விளையாட விடுங்கள் என்பதே அதன் சாரம். ஆகவே "சட்டப்படி இத்தனை நிமிடம்" என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிபரிடம் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்தத் திரை வகுப்பில் எந்த வேலையின் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள்.

தரம் 1, 2 பாடத்திட்டம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றின் மேல் கட்டப்பட்டது. இதில் மேசையிலிருந்து எழுதும் வேலைதான் மிகக் குறைவு. ஓடி ஆடி, தொட்டு, அடுக்கி, பிரித்துக் கற்க வேண்டிய வயது இது. அந்தச் செயற்பாட்டு நேரத்தை வீடியோ எடுத்துக்கொண்டால் பாடத்திட்டத்தின் நடுப்பகுதியே போய்விடுகிறது.

கணிதத்தைப் பாருங்கள். 32இல் இருந்து 7ஐக் கழிக்க வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டு மூன்று, தனி ஈர்க்கு இரண்டு. இரண்டில் ஏழு போகாது, எனவே பிள்ளை ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்க்கும் அந்தக் கணத்தில்தான் "கடன் வாங்குதல்" விளங்குகிறது. திரையில் அதே கட்டு தானாக அவிழும், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும், விடையும் தானாக வரும். பிறகு கொப்பியில் 32 - 7 கொடுத்தால் 35 என்று எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள், ஏனென்றால் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கலாம் என்பது மட்டும்தான் அவர்களிடம் பதிந்திருக்கிறது. இதைத் திருத்த இன்னொரு வீடியோ உதவாது. ஈர்க்கு, புளியங்கொட்டை, சிப்பி என்று எதையாவது கையில் கொடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு திரை கொஞ்சம் உதவும். ஞ, ண, ழ போன்றவற்றில் கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிகிறது என்பதைப் பெரிதாக, மெதுவாக, இரண்டு மூன்று தடவை காட்டலாம். ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு காற்றில் கையை வீசி, மணல் தட்டில் விரலால், சிலேற்றில், கடைசியாகக் கொப்பியில். கண்ணாடித் திரையில் விரலால் தடவுவதை எழுத்துப் பயிற்சி என்று கணக்கில் எடுக்கக்கூடாது. அங்கே உராய்வு இல்லை, பென்சில் பிடி இல்லை, எவ்வளவு அழுத்துவது என்ற உணர்வும் இல்லை. பல செயலிகள் கோடு புள்ளிகளைத் தொட்டுவிட்டால் போதும் என்று "சரி" போடும், எந்த வரிசையில் எழுதினாலும். பிழையான வரிசை ஒரு தவணை ஊறிவிட்டால் தரம் 4இல் வேகமாக எழுதும்போது எழுத்து உடையும்.

சுற்றாடலில் ஒரு எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்: வாசலில் காட்டக்கூடியதைத் திரையில் காட்டத் தேவையில்லை. காகம், வேப்பிலை, மழைநீர் ஓடும் வழி, எறும்பு வரிசை இவற்றுக்கு வெளியே போகலாம். புறாத் தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறைக்குள் மீன் எப்படி ஒளிகிறது, முட்டையிலிருந்து ஆமைக்குஞ்சு எப்படி வருகிறது என்பவற்றுக்குத் திரை உண்மையிலேயே பெறுமதியானது. கடலுக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளில் கூடப் பலர் தண்ணீருக்குள் பார்த்ததில்லை.

வீடியோ போடுவதென்றால் 3, 4 நிமிடத் துண்டு. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி "இனி என்ன நடக்கும்?" என்று கேட்க வேண்டும். முடிந்ததும் திரையை அணைக்க வேண்டும், நிறுத்தி வைப்பது போதாது. பாடம் கொப்பிக்கு மாறிய பிறகும் பின்னால் படம் அசைந்துகொண்டிருந்தால் கவனம் சிதறுகிற பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள்தான் எழுதி முடிக்காமல் வீடு வருவார்கள்.

இடைவேளைக் கார்ட்டூனுக்கு நான் எந்த நியாயமும் சொல்ல மாட்டேன். அதை முதலில் நிறுத்தக் கேளுங்கள்.


கண் பரிசோதகர்:

அக்கா, மகளின் கண்ணைச் சுருக்கும் பழக்கத்தைத் தனியாக எடுங்கள். அது கூட்டத்துக்கும் கடிதத்துக்கும் காத்திருக்கக்கூடாது.

கண் எவ்வளவு உழைக்கிறது என்பதைத் தூரம் தீர்மானிக்கிறது. 4 மீற்றரில் இருக்கும் திரையைப் பார்க்கக் கண் கூட்ட வேண்டிய குவிய வலு 0.25 டயொப்டர் (வில்லை வலுவின் அலகு). 33 செ.மீ தூரத்தில் கொப்பி என்றால் 3. பிள்ளை போனை 20 செ.மீக்குப் பிடித்தால் 5. அதாவது வகுப்பிலுள்ள பெரிய திரையை விட வட்ஸ்அப் வீட்டுவேலைதான் மகளின் கண்ணுக்குக் கடினமான வேலை. தூரத்துத் திரை கண்ணைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கனவே இருக்கும் குறையை அது வெளியே காட்டிவிடும். மகளுக்கு இப்போது நடப்பது அதுவாக இருக்கலாம், அல்லது திரையிலுள்ள எழுத்தே நாலாவது வரிசைக்குப் போதாததாக இருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரு சிறு சோதனை: சுவர்க் கலண்டரை 3 மீற்றரில் வெளிச்சமான இடத்தில் மாட்டுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி (விரல் இடுக்கால் பார்க்கவும் கூடாது, கண்ணை அழுத்தவும் கூடாது) எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். ஒரு கண்ணுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் பிள்ளை முறைப்பாடே சொல்லாது, நல்ல கண்ணால் எல்லாம் செய்துவிடும். தலையைச் சரித்துப் பார்ப்பது, பலகைக்குக் கிட்டப் போவது, பார்த்து எழுதும்போது வரி தவறுவது, வெயிலில் ஒரு கண்ணை மூடுவது இவையும் அறிகுறிகள். சோதனையில் சரியாகச் சொன்னாலும் கண்ணைச் சுருக்குவது தொடர்ந்தால் கிளினிக்கில் காட்டியே ஆக வேண்டும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை செய்யும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை பெரிய பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குத்தான். தரம் 2இல் தொடங்கும் குறை தரம் 4 வரை யாருடைய கண்ணிலும் படாமல் போகலாம். மாவட்டப் பொது வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அங்கே சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். சிறு பிள்ளைகளின் கண் தன்னையறியாமல் குவியத்தை இறுக்கிக்கொள்ளும். சொட்டு விடாமல் இயந்திரத்தில் மட்டும் பார்த்தால் இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகக் காட்டி, தேவையில்லாத மைனஸ் கண்ணாடி கொடுக்கப்படும் ஆபத்து உண்டு.

நீல ஒளி வடிகட்டும் கண்ணாடிக்குக் காசு செலவழிக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சாதாரண கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் களைப்பில் அது பெரும்பாலும் வித்தியாசம் தருவதில்லை என்பதுதான் முடிவு.

இடைவேளையைப் பற்றி வளவாளர் சொன்னதற்குக் கண்ணின் பக்கத்திலிருந்தும் காரணம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் 12 பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2015இல் வெளிவந்தது. ஆறு பாடசாலைகளில் ஒவ்வொரு பாடசாலை நாளும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 வீதம், மற்ற ஆறில் 39.5 வீதம். தாய்வானில் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியே என்பதைப் பாடசாலைகளில் நடைமுறைப்படுத்தி வருகிறார்கள். இதில் வேலை செய்வது வெளிச்சம் என்பதுதான் இப்போதைய விளக்கம். வகுப்பறைக்குள் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) இருந்தால் நல்ல வகுப்பறை. வெளியே மர நிழலில் கூட ஆயிரக்கணக்கில் வரும். ஆகவே கச்சான் காற்று வீசும் வெப்பமான மாதங்களில் பிள்ளைகளை வெயிலில் காய விடத் தேவையில்லை. வேம்பின் கீழே, கட்டடத்தின் நிழல் பக்கத்தில் விளையாடினாலே கண்ணுக்குத் தேவையானது கிடைக்கும், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் சரி. திரைக்காக உள்ளே வைத்திருக்கும் ஒவ்வொரு இடைவேளையிலும் இந்த வெளிச்சம்தான் இழக்கப்படுகிறது.


திரையும் வயரும்:

65 அங்குலம் என்று வாசித்ததுமே எனக்கு நாலாவது வரிசைதான் ஞாபகம் வந்தது. கணக்கைப் பாருங்கள்.

65 அங்குலத் திரையின் உயரம் 81 செ.மீ. பாடம் வாசிக்க வேண்டிய திரைக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை உயரத்தின் 6 மடங்கு, அதாவது 4.9 மீற்றர். 75 அங்குலம் என்றால் 5.6, 86 என்றால் 6.4 மீற்றர். எங்கட பாடசாலைக் கட்டடங்களில் 25 அடிக்கு 20 அடி வகுப்பறைதான் அதிகம். திரை குறுகிய சுவரில் இருந்தால் கடைசி வரிசைப் பிள்ளையின் கண் 6.5 மீற்றருக்கு மேல் இருக்கும். அந்தத் தூரத்துக்கு 65 காணாது. வாங்கியதை மாற்ற முடியாது, எழுத்தை மாற்றலாம்.

எழுத்தின் உயரம் தூரத்தில் ஒவ்வொரு மீற்றருக்கும் 6 மி.மீ வேண்டும். 6.5 மீற்றர் என்றால் 4 செ.மீ. 81 செ.மீ திரையில் அது இருபதில் ஒரு பங்கு. பவர்பொயின்றில் தமிழ் எழுத்துருவுக்கு 48 முதல் 54 புள்ளி வைத்தால்தான் அந்த அளவு வரும். கொம்பு, விசிறி, கீழ்ச்சுழி எல்லாம் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க வரி இடைவெளி 1.5. ஒரு பக்கத்தில் ஆறு வரிக்கு மேல் போகக்கூடாது. பாடப்புத்தகத்தின் பிடிஎப் பக்கத்தை அப்படியே திரையில் போடுவதுதான் மிகப் பொதுவான பிழை. முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்து ஒன்றரை செ.மீ கூட வராது. தேவையான பந்தியை மட்டும் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் கையில் அதே புத்தகம் இருக்கும்போது ஏன் காட்டுகிறோம் என்பதும் ஒரு கேள்விதான்.

முன்வரிசைக்கும் எல்லை உண்டு. முதல் மேசை 1.5 மீற்றருக்குக் கிட்ட வேண்டாம், பாயில் இருத்துவதென்றால் 2 மீற்றர், இல்லாவிட்டால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்ப்பார்கள். வரிசைகளை வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறதா என்று சோதிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. காலை 9 மணிக்குத் திரையை அணைத்துவிட்டுப் பிள்ளையின் கதிரையில் இருந்து பாருங்கள். கறுத்த திரையில் யன்னல் தெரிந்தால் பாடத்தின்போதும் அந்த இடத்தில் எழுத்து தெரியாது. அரைச்சுவர் வகுப்பறைகளில் இது கட்டாயம் வரும். யன்னல் கிழக்கும் மேற்குமாக இருந்தால் திரை வடக்கு அல்லது தெற்குச் சுவரில் இருக்க வேண்டும்.

புரொஜெக்டர் பாவிக்கும் பாடசாலைகளுக்கு இன்னொரு ஆபத்து. 3000 லூமன் வெளிச்சத்தை 2 மீற்றர் அகலத்துக்கு விரித்தால் திறந்த வகுப்பறையின் பகல் வெளிச்சத்தோடு அது போட்டி போட முடியாது, கறுப்பு எழுத்து சாம்பலாகிவிடும். உடனே யன்னலை மூடித் துணி போடுகிறார்கள். காற்று நின்று போகிறது, வகுப்பு புழுங்குகிறது, இருட்டில் பிள்ளைகள் கொப்பி எழுதுகிறார்கள். யன்னலை மூடினால்தான் படம் தெரியும் என்றால் அந்தப் பாடத்தைப் படமில்லாமல் நடத்துவதே நல்லது.

"தொட்டுப் பார்க்கும் பலகை" என்ற பெருமையையும் கணக்குப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை தொடும், 33 பேர் பார்த்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் 34 நிமிடம், அதில் ஒவ்வொரு பிள்ளையும் செய்தது ஒரு நிமிட வேலை. அதே நேரத்தில் நாலு பேர் கொண்ட குழுக்களுக்கு அட்டைகளைக் கொடுத்திருந்தால் எல்லோர் கையும் வேலை செய்திருக்கும்.

யூடியூப்பை நேரடியாக ஓட விடாமல், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் உள்ளவற்றை முதலில் தேடச் சொல்லுங்கள். யூடியூப் தவிர்க்க முடியாதென்றால் தானாக அடுத்தது ஓடும் வசதியை நிறுத்தி, கட்டுப்படுத்தப்பட்ட முறையை இயக்கி, பாடத்துக்கு முன்பே ஆசிரியர் முழுவதையும் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். விளம்பரம் இடையில் வரும், அது எந்த வயதுக்கானது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கடற்காற்றுள்ள இடம் என்பதால் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி வாய்கள் துருப்பிடிக்கும். பாவிக்காத வாய்களுக்கு றப்பர் மூடி போடுங்கள். இடி முழங்கும்போது சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும், சுவிட்சை நிறுத்துவது மட்டும் காணாது.


மூதூர் ஆசிரியை:

திரையே வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். கிராமப்புறச் சிறிய பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் நிலை இருக்கிறது. தரம் 3க்கு 8 நிமிடக் காட்சி ஒன்றும் அதையொட்டிய மூன்று கேள்விகளும் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் தரம் 2இல் வாசிக்கத் தடுமாறும் ஐந்து பேரோடு உட்காரலாம். கேள்வி கொடுக்காமல் காட்சியை மட்டும் விட்டால் அது பிள்ளை பராமரிப்பாகிவிடும், அதை நானும் ஏற்க மாட்டேன். காது கொஞ்சம் கேளாத பிள்ளைக்குப் படத்தோடு எழுத்தும், பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிதாக்கிய பக்கமும், தரம் 1, 2 வாய்மொழி ஆங்கிலத்துக்குச் சரியான உச்சரிப்பும் இந்தக் கருவியால் கிடைக்கின்றன. இவற்றைப் பறிக்கும் விதமாகக் கடிதம் எழுத வேண்டாம்.


உப்புவெளி அம்மா:

எல்லாருக்கும் மிச்சம் நன்றி. கண் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போறன். கணக்கு விசயம் வாசிச்சதும் மகளின்ட கொப்பியைப் பார்த்தன், வளவாளர் சொன்ன அதே பிழை ரெண்டு இடத்தில இருக்கு. வட்ஸ்அப் வீட்டுவேலைக்கும் டெப்புக்கும் என்ன கேட்கலாம்? கடிதம் யாருக்கு, எப்படி எழுதுறது?


பெற்றோர் பிரதிநிதி:

ஒழுங்கு முக்கியம் சகோதரி. முதலில் வகுப்பாசிரியரோடு நேரில், தனியாக. குழுவில் எழுதாதீர்கள். குழுவில் எழுதினால் அது குற்றச்சாட்டாகிவிடும், பிறகு டீச்சர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பா. அதன் பிறகு ஆரம்பப்பிரிவுப் பொறுப்பாசிரியர், அதிபர், பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்க நிறைவேற்றுக் குழு. அதிபர்தான் அந்தச் சங்கத்தின் தலைவர் என்பதால் அவருக்கு முன்கூட்டியே தெரியாமல் கூட்டத்தில் எடுத்தால் வாசல் மூடிவிடும். வலயக் கல்வி அலுவலகத்தில் ஆரம்பக்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் இருக்கிறார், இவை எல்லாம் முடிந்தும் பதில் இல்லாவிட்டால் மட்டும் அங்கே.

நிறுத்தச் சொல்லிக் கேட்காமல் இரண்டு கிழமைப் பதிவு ஒன்று கேளுங்கள். திகதி, பாடம், எத்தனை நிமிடம், எதற்கு, அதன் பிறகு பிள்ளைகள் என்ன செய்தார்கள், இந்த ஐந்து நிரல் போதும். டீச்சருக்கு நாளுக்கு மூன்று நிமிட வேலை. கடைசி நிரல்தான் பேசும். அது வெறுமையாக இருக்கும் இடங்களில் வீடியோவுக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்று டீச்சருக்கே தெரியும், நீங்கள் சொல்லத் தேவையில்லை. பிள்ளையிடம் கேட்டுக் கணக்கெடுக்காதீர்கள், ஏழு வயதுக்கு ஐந்து நிமிடமும் அரை மணித்தியாலமும் ஒன்றுதான்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, தரம் 2 வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்ட் கிடைத்ததையிட்டு மகிழ்ச்சியடைகிறோம். அதை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற விதத்தில் பயன்படுத்த ஒரு ஒழுங்கை வகுப்பாசிரியருடன் சேர்ந்து அமைக்க விரும்புகிறோம். (1) இடைவேளையில் திரை அணைக்கப்பட்டுப் பிள்ளைகள் நிழலான இடத்தில் விளையாட விடப்படுதல். (2) காட்சிகள் ஒரு தடவைக்கு 5 நிமிடத்துக்கு உட்பட்டிருத்தல், ஒவ்வொன்றின் பின்னும் கைவேலை அல்லது உரையாடல் இடம்பெறுதல். (3) கடைசி வரிசையிலிருந்து எழுத்துத் தெரிகிறதா எனப் பரிசோதித்தல். (4) வீட்டுவேலையைப் பிள்ளைகள் வகுப்பிலேயே கொப்பியில் எழுதிவருதல். (5) டெப் கருவிகள் வாங்குமுன் பெற்றோருடன் கலந்துரையாடல். இவற்றைக் கதைக்க ஒரு நாளும் நேரமும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

அதில் ஐந்து பெற்றோராவது கையெழுத்திடட்டும், அதில் ஒருவர் "இது இல்லாமல் ஏலாது" என்று சொன்ன பக்கத்தவராக இருந்தால் கடிதத்துக்குப் பலம் கூடும். நிழலில் கவனிக்க ஆளில்லை என்று பாடசாலை சொல்லும். அது நியாயமான காரணம், ஆசிரியர்களும் அந்த நேரத்தில்தான் சாப்பிட வேண்டும். அதற்குப் பதிலை நீங்கள் கொண்டு போங்கள்: அதிபரின் அனுமதியோடு ஒரு நாளைக்கு இரண்டு பெற்றோர் என்று முறைப்பட்டியல் போட்டுக் கொடுக்கலாம்.

வட்ஸ்அப்: வீட்டுவேலை பலகையில் எழுதப்பட்டு, பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். பார்த்து எழுதுவதே தரம் 2க்கு ஒரு பயிற்சி. பாடசாலைக்கு வராத பிள்ளைக்கு மட்டும் படம் அனுப்பலாம், அதையும் பெற்றோர் தாளில் எழுதிக் கொடுக்கலாம். மாலை 5 மணிக்குப் பிறகு எதுவும் அனுப்பாதிருக்கக் கேளுங்கள். செய்துமுடித்த வேலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதையும் நிறுத்தலாம், கொப்பி அடுத்த நாள் டீச்சரின் மேசைக்குத்தானே வருகிறது. பிள்ளையின் முகத்தோடு படம் அனுப்பவே வேண்டாம்.

டெப் பற்றி: தரம் 1, 2க்கு ஆளுக்கொன்று தேவையில்லை. நாலு பேருக்கு ஒன்று, குழுவுக்கு 10 நிமிடம், மேசையில் சாய்த்து வைத்து, கண்ணிலிருந்து 40 செ.மீ தள்ளி. வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்: எந்தச் செயலி, அது தமிழில் இருக்கிறதா, இணையமில்லாமல் ஓடுமா, பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, படம் கேட்கிறதா? கேட்டால் வகுப்பிலக்கம் மட்டும் கொடுத்து ஒரே பொதுக் கணக்கில் ஓட்ட வேண்டும். அன்ரொயிட் கருவிகளில் பாதுகாப்பு அமைப்புக்குள் செயலியைத் திரையில் பூட்டும் வசதி உண்டு. அதை இயக்கி, வெளியேற இரகசிய எண் கேட்கும்படி வைத்தால் பிள்ளை வேறு எதற்கும் தாவ முடியாது. இதைச் செய்யாமல் கொடுத்தால் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே யாராவது ஒரு பிள்ளை விளையாட்டைத் திறந்துவிடும், அதன் பிறகு குழுவே அங்கே போய்விடும். காதில் மாட்டும் ஹெட்போன் கொடுத்தால் சத்தம் 75 டெசிபலுக்கு மேல் போகாதது வேண்டும், பிள்ளைக்குப் பிள்ளை மாறும்போது துடைக்கவும் வேண்டும்.

பேச்சில் யாராவது "வெளிநாட்டில் எல்லாம் திரைதான்" என்று சொன்னால், சுவீடன் 2023இல் பாலர் பாடசாலைகளில் டிஜிட்டல் கருவிகள் கட்டாயம் என்ற விதியை நீக்கப்போவதாக அறிவித்து அச்சுப் புத்தகத்துக்குக் காசு ஒதுக்கியதைச் சொல்லலாம். யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கையும் கருவி பிள்ளையின் கற்றலுக்கு உதவுகிறதா என்று பார்த்த பிறகே வகுப்புக்குள் எடுக்கச் சொன்னது.


ஆரம்பக்கல்வி வளவாளர்:

மார்கழி மழைக்கு வெளியே விட முடியாதே என்று கட்டாயம் கேட்பார்கள், தயாராகப் போங்கள். மழைநாள் பெட்டி ஒன்று வகுப்பில் இருக்கட்டும்: கொக்கான் கல் ஐந்து கொண்ட பை ஆறு, பல்லாங்குழிப் பலகை இரண்டு, தாயக்கட்டம் வரைந்த அட்டை நாலு, சுண்ணக்கட்டி, இருபது கதைப் புத்தகம். விறாந்தையில் பாண்டிக் கட்டம் வரைந்தால் பத்துப் பேர் முறை வைத்து ஆடலாம், தூவானம் அடிக்கும் பக்கத்தை விட்டு வரையுங்கள், சீமெந்து நனைந்தால் வழுக்கும். மகளின் கழித்தல் பிழைக்கு இன்றைக்கே ஈர்க்குக் கட்டுங்கள். நாளுக்கு நாலு கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். கட்டை அவிழ்த்துச் செய்யட்டும். விடை சரியாக வரத் தொடங்கிய பிறகும் சில நாள் ஈர்க்கை மேசையில் வைத்திருங்கள், தேவைப்படும்போது பிள்ளையே எடுக்கும்.


உப்புவெளி அம்மா:

ஓம், இண்டைக்கே கட்டுறன். கண் பரிசோதகரிடம் ஒண்டு மட்டும்: சொட்டு விட்டா அடுத்த நாள் பாடசாலைக்கு அனுப்பலாமா?


கண் பரிசோதகர்:

எந்தச் சொட்டு என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சைக்ளோபென்ரலேற் என்றால் பொதுவாக ஒரு நாளுக்குள் தெளியும், அற்றோபின் என்றால் ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கலாம். அதுவரை கிட்ட உள்ள எழுத்து மங்கும், வெயில் கூசும். கிளினிக் நாள் இடம் கொடுத்தால் வெள்ளிக்கிழமை போங்கள், சனி ஞாயிறு கிடைக்கும். போகும்போது தொப்பி கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக் கொண்டுவர வேண்டாம். திங்களும் மங்கலாக இருந்தால் அனுப்பலாம், ஆனால் கொப்பி எழுத வைக்க வேண்டாம் என்று டீச்சருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். முகம் சிவந்து காய்ச்சல் போல் சூடாக இருந்தாலோ, பிள்ளை வழமைக்கு மாறாகத் தடுமாறினாலோ, சொட்டை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.